அரைக்கால் அக்காவின் குண்டூசி

பந்தயத் திடலில் அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அரைக்கால் அக்கா எங்கே என்று கேட்டால் எல்லாக் கைகளும் மூன்றாவது மேஜைப் பக்கம் நீளும்.

பெயர் வந்த கதை சின்னது. கார்பரேட்டரில் இரண்டு திருகுகள் இருக்கின்றன. இன்ஜினுக்குள் எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்பது அவற்றின் கையில். வண்டி இழுக்கவில்லை என்றால் திருப்புளியை எடுத்து அரைச் சுற்று, முக்கால் சுற்று என்று திருகித் தள்ளுவதுதான் ஊர் வழக்கம். அவள் ஒரு தடவைக்கு எட்டில் ஒரு பங்குக்கு, அதாவது அரைக்கால் சுற்றுக்கு, மேல் திருப்ப மாட்டாள். "அரைக்கால் திருப்பு. ரெண்டு ரவுண்டு ஓட்டு. அப்புறம் பேசு." யார் எந்த வண்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் முதல் மருந்து இதுதான். இரண்டாவது மருந்துக்குப் பெரும்பாலும் வேலை இருக்காது.

அந்த வண்டிகளைப் பொம்மை என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். ஒவ்வொன்றும் இரண்டு முழ நீளம், பன்னிரண்டு கிலோ எடை. வயிற்றுக்குள் புல்வெட்டியில் இருப்பது போன்ற டூ ஸ்ட்ரோக் இன்ஜின். ஓட்டுகிறவர் ரிமோட்டோடு மேடையில் நிற்பார். வண்டி மண் திடலில் புழுதி கிளப்பிக்கொண்டு பறக்கும். நேர்ப்பாதையில் விட்டால் மோட்டார் சைக்கிளைத் துரத்தும்.

அவள் இதற்குள் வந்தது உதிரிபாகக் கவுண்டர் வழியாக. புல்வெட்டியும் மரம் அறுக்கும் இயந்திரமும் பழுது பார்க்கும் கடையில், கேட்ட சாமானை எடுத்துக் கொடுக்கும் வேலை. மெக்கானிக்குகள் வந்து "கார்பரேட்டர் போச்சு, புதுசு ஒண்ணு குடு" என்பார்கள். பழையது குப்பை டின்னில் விழும். சாயங்காலம் அவள் அதைக் காலி டிபன் டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டு போவாள். பிரித்து, கழுவி, பூதக்கண்ணாடியில் பார்த்து, திரும்பப் பூட்டுவாள். பத்தில் ஏழில் ஒரு குற்றமும் இருக்காது. குற்றமில்லாத சாமானை ஏன் எறிகிறார்கள் என்ற கேள்வி அவளை ஒரு வருஷம் குடைந்தது. புத்தகம் இல்லை, சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. ஒரு பழைய இன்ஜினைச் சோப்பு நீரில் முக்கி, சைக்கிள் பம்பால் காற்றடித்துப் பார்த்தபோது, அச்சுத்தண்டின் ஓரத்தில் இருந்த ரப்பர் வளையத்திலிருந்து குமிழ் குமிழாக வந்தது. விடை கிடைத்துவிட்டது: குற்றம் கார்பரேட்டரில் இல்லை, இந்தக் கசிவில்.

மறுநாள் கவுண்டரில் தைரியமாகச் சொன்னாள்: "அண்ணே, கார்பரேட்டர் வேண்டாம். அடியில காத்து கசியுது."

"நீ சாமானை எடுத்துக் குடும்மா. வைத்தியம் நாங்க பாத்துக்கறோம்" என்றார் மெக்கானிக்.

அதே ஆள் ஒன்பதாம் நாள் வந்து, கவுண்டரில் முழங்கையை ஊன்றி, குரலைத் தாழ்த்தி, "அந்தக் காத்து எங்க கசியும்னு சொன்னே?" என்று கேட்டார். அதற்கு அடுத்த மாதத்திலிருந்து அவளுக்கும் உள்ளே ஒரு மேஜை.

ரிமோட் காரை வீட்டுக்குள் கொண்டுவந்தவர் கணவர். அவர் பள்ளிப் பேருந்து ஓட்டுநர். சாலையில் அவர் வண்டியை மாட்டுவண்டி முந்தும் என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். அந்த மனிதர் கையில் ரிமோட்டைக் கொடுத்தால் ஆளே மாறிவிடுவார். நாள் முழுக்க அடக்கி வைத்த வேகமெல்லாம் திடலில்தான் இறங்கும். ஓடாத வண்டி ஒன்றை யாரிடமோ வாங்கி வந்து, பின்கட்டு அறையில் இறக்கி வைத்து, "கொஞ்சம் பாரேன்" என்றார். அவள் பார்த்தாள். பன்னிரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

மூன்றாவது ஆள் கணவரின் தம்பி. ஏசி மெக்கானிக். ஒயரும், சர்வோவும் அவன் பொறுப்பு. சர்வோ என்பது ரிமோட் சொன்னபடி அசைகிற சின்ன மோட்டார். அதிலிருந்து ஒரு மெல்லிய கம்பி கார்பரேட்டருக்குப் போகும். ஓட்டுநர் விசையை அழுத்தினால் கம்பி இழுக்கும், கார்பரேட்டருக்குள் இருக்கும் வட்டத் தகடு திறக்கும், இன்ஜின் சீறும். இன்ஜின் அண்ணிக்கு, கம்பி தம்பிக்கு, ஓட்டம் அண்ணனுக்கு. ஒருத்தர் வேலையில் இன்னொருத்தர் கை வைப்பதில்லை. பதினோரு வருஷம் இப்படி ஓடியது.

போன வருஷம் தம்பி பிரிந்து போனான். சண்டை ஒன்றும் இல்லை. இன்னொரு அணிக்காரர்கள் தலைமை மெக்கானிக்காக வரச் சொன்னார்கள். திடலில் அதுவரை அவன் "அரைக்கால் அக்காவோட கொழுந்தன்". நாற்பது வயதை நெருங்கும் ஆளுக்கு அது கசக்காதா? "போயிட்டு வா" என்று அவள்தான் ஒரு திருப்புளி செட்டை அவன் பையில் வைத்து அனுப்பினாள்.

அவன் போனதும் கம்பி வேலை அவள் தலையில் விழுந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காற்று வடிகட்டியைக் கழற்றிவிட்டு, டார்ச்சைக் கார்பரேட்டரின் வாய்க்குள் அடித்து, "ஏங்க, விசையை முழுசா அழுத்துங்க" என்றாள்.

"அழுத்தியாச்சு."

"முழுசா அழுத்துங்கன்னு சொன்னேன்."

"இதுக்கு மேல அழுத்தணும்னா ரிமோட்டை உடைக்கணும்."

அவள் டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டு போனாள். முழுதாகத் திறந்தால் அந்தத் தகடு காற்றுக்கு வழிவிட்டுக் கத்தி விளிம்பு போல நேராக நிற்க வேண்டும். இது சாய்ந்து நின்றது. திறக்க வேண்டிய திறப்பில் எட்டில் ஒரு பங்கு பாக்கி.

"பதினோரு வருஷமா கதவைப் பாதி சாத்தி வச்சிட்டு, வீட்டுக்குள்ள காத்து வரலன்னு நான் ஜன்னலை ஆராய்ச்சி பண்ணிட்டு இருந்திருக்கேன்" என்றாள்.

காரணமும் உடனே நினைவுக்கு வந்தது. முதல் வருஷம் தம்பி கம்பியை இறுக்கமாக வைத்தான். தகடு முட்டி நின்ற பிறகும் சர்வோ இழுத்துக்கொண்டே இருந்தது, புகைந்து கருகியது. அண்ணன் அன்று எல்லார் முன்னாலும் அவனைத் திட்டிவிட்டார். அதற்குப் பிறகு அவன் ஒரு பயந்த இடைவெளி விட்டே கம்பியைப் பூட்டினான். சுடு கஞ்சியில் வாய் வைத்த பிள்ளை மாதிரி.

அவள் கம்பியின் முனையில் இரண்டு மரை சுற்றி அதன் நீளத்தைக் குறைத்தாள். சர்வோ முட்டாமலும், தகடு முழுதாய்த் திறந்தும் நின்றது. மொத்த வேலையும் கால் மணி நேரம்.

"அவன்கிட்ட சொல்லலாமா?" என்றார் கணவர்.

"வேண்டாம். புது இடத்துல இப்பத்தான் பேர் எடுக்கறான். நாம வாயைத் திறந்தா திடலே சிரிக்கும்."

அதற்குப் பிறகு அவர்களுடைய வண்டி நேர்ப்பாதையில் யாரையும் விட்டு வைக்கவில்லை. வேகம் கூடினால் பேச்சும் கூடும். பெரிய சிலிண்டர் போட்டிருக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். யாரோ சொன்னது ஒரு மாதத்தில் எல்லாரும் சொல்வதாயிற்று.

வேறு வருஷமாக இருந்தால் அவள் சட்டை செய்திருக்க மாட்டாள். ஆனால் இந்த வருஷம் அளவுமேஜை காலியாகப் போகிறது. சங்கத்தில் எந்த இன்ஜின் சட்டப்படி சரி, எது தப்பு என்று அளந்து சொல்லும் மேஜை அது. இருபது வருஷமாக அங்கே உட்கார்ந்திருந்த மருந்துக்கடைக்காரர், கண் மங்குகிறது என்று விலகுகிறார். தன் இடத்துக்கு அவளைத்தான் சொல்லியிருந்தார். இறுதிப் பந்தயம் முடிந்ததும் கை தூக்கி முடிவு. அவளுக்கு அந்த மேஜை வேண்டும். கவுண்டரில் நின்ற நாளிலிருந்து அவள் எதை அளந்து சொன்னாலும், பக்கத்தில் இருக்கும் ஆண் ஒருவர் "எங்க, குடு பாக்கலாம்" என்று வாங்கி இன்னொரு தடவை அளப்பார். அந்த மேஜையில் சொன்ன எண்ணை மட்டும் யாரும் திரும்ப அளப்பதில்லை. கள்ள இன்ஜின் என்ற பேச்சு ஒட்டிக்கொண்டால் அந்தப் பக்கம் தலை வைத்துக்கூடப் படுக்க முடியாது.

இறுதி நாள் காலையில் புகார் எழுத்திலேயே வந்துவிட்டது. இன்ஜின் இருபத்தாறு சிசி வரம்பைத் தாண்டியிருப்பதாகச் சந்தேகம். பிரித்து அளக்க வேண்டும். கீழே கையெழுத்து, கொழுந்தனுடையது.

அவனே நேரில் வந்து நின்றான். "அண்ணி, தப்பா நினைச்சுக்காதீங்க. எங்க டீம்ல எல்லாரும் சொல்றாங்க. மெக்கானிக் நான்தான், நான்தானே கையெழுத்து போடணும்?"

"போட்டாச்சுல்ல. சாப்பிட்டியா?"

"இன்னும் இல்ல."

"போய் சாப்பிட்டு வா. வெறும் வயித்துல வந்து நின்னு மயங்கி விழுந்தா, அதுக்கும் என் இன்ஜின்தான் காரணம்னு இன்னொரு பேப்பர் எழுதுவாங்க."

சட்டம் தெளிவாக இருந்தது. வண்டிக்காரரின் மெக்கானிக்கே இன்ஜினைப் பிரிக்க வேண்டும். அளவுமேஜைக்காரர் அளப்பார். பிரித்தவரே திரும்பப் பூட்ட வேண்டும். புகார் கொடுத்தவர் கூடவே நின்று பார்க்கலாம். தொடவோ பேசவோ கூடாது. எல்லாம் முடிய ஒரு மணி நேரம். அதற்குள் இன்ஜின் உயிர் பெறவில்லை என்றால் இறுதிப் பந்தயத்தில் இடமில்லை.

அவள் வெள்ளைத் துணி ஒன்றை விரித்தாள். பிளக், சைலன்சர், காற்று வடிகட்டி, கம்பி, கார்பரேட்டர், அதன் பின்னால் இருக்கும் கனத்த பிளாஸ்டிக் கட்டை, கடைசியாகச் சிலிண்டர். எந்த வரிசையில் கழன்றதோ அதே வரிசையில் இடமிருந்து வலமாகத் துணியில் வைத்தாள். ஒரு திருகுகூட உருளவில்லை. சுற்றி நின்ற இருபது பேரில் ஒருவர், "கல்யாணச் சீர் வரிசை மாதிரி வச்சிருக்காங்கப்பா" என்றார்.

மருந்துக்கடைக்காரர் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கினார். சிலிண்டரின் குறுக்களவை மூன்று இடத்தில் எடுத்தார். பிஸ்டன் ஏறி இறங்கும் உயரத்தை எடுத்தார். தாளில் பெருக்கினார். இன்னொரு தடவை பெருக்கினார்.

"குறுக்களவு முப்பத்து நாலு. ஏறி இறங்கறது இருபத்தெட்டு. மொத்தம் இருபத்தஞ்சரை சிசிக்கு உள்ள" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். "கம்பெனியிலேர்ந்து வந்தபடியே இருக்கு. ஒரு மயிரிழை சுரண்டல."

கூட்டம் மூச்சு விட்டது. கொழுந்தன் மட்டும் நகரவில்லை. அவன் முகத்தில் பொறாமை இல்லை; உண்மையாகவே புரியாத முகம். சட்டத்தை மறந்து கேட்டுவிட்டான்: "அப்போ அந்த வேகம் எங்கேர்ந்துதான் வந்துச்சு, அண்ணி?"

கூட்டமும் அதைத்தான் கேட்க நினைத்திருந்தது. எல்லாக் கண்களும் அவள் மேல். அப்போது அவள் கையில், காற்று கசியாமல் அடைக்கக் கார்பரேட்டர் கட்டைக்குப் பின்னால் வைக்கும் புதுக் கேஸ்கட் தாள் இருந்தது. பதில் நாக்கின் நுனிவரை வந்தது. ஒரு வார்த்தை போதும். சந்தேகம் வேரோடு போகும். கூடவே அவனுடைய பெயரும் போகும். எதிரில் அவனுடைய புது அணிக்காரர்கள் ஆறு பேர் நிற்கிறார்கள்.

"இன்ஜின்லேர்ந்து வரல. அதான் அளந்தாச்சே" என்றாள். மீதியை விழுங்கிக்கொண்டு, கேஸ்கட்டை வைத்து, கட்டையைப் பூட்டினாள்.

"புகார் கொடுத்தவர் பேசக்கூடாது" என்றார் மருந்துக்கடைக்காரர். "நேரம் இருபத்திரண்டு நிமிஷம் இருக்கு."

கார்பரேட்டர் ஏறியது. கம்பி மாட்டினாள். வடிகட்டி போடும் முன், வழக்கம்போல, "ஏங்க, முழுசா அழுத்துங்க" என்றாள். கணவர் அழுத்தினார். தகடு கத்தி விளிம்பு போல நேராக நின்றது. எதிரில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த கொழுந்தன் மெதுவாக நிமிர்ந்தான். பதினோரு வருஷம் அவன் கையால் பூட்டிய கம்பி. அந்தத் தகடு அப்படி நின்று அவன் பார்த்ததே இல்லை. கண் தகட்டிலிருந்து கம்பிக்குப் போனது, மரைக்குப் போனது, அவள் முகத்துக்கு வந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வடிகட்டியை மாட்டினாள்.

கயிற்றை இழுத்தாள். மூன்றாவது இழுப்பில் இன்ஜின் சீறியது. கூட்டம் கை தட்டத் தொடங்கியது. தட்டி முடிப்பதற்குள் இன்ஜின் நின்றுவிட்டது.

மறுபடி இழுத்தாள். மூன்று நொடி ஓடி, தாகம் எடுத்தது போல இருமி, நின்றது.

"திருகைத் திறந்து விடுங்கக்கா, பெட்ரோல் பத்தல" என்றது ஒரு குரல். "பிளக்கை மாத்துங்க" என்றது இன்னொன்று. நாற்சந்தியில் வழி சொல்பவர்கள் மாதிரி ஆளுக்கு ஒரு திசை காட்டினார்கள். அவள் திருகைத் தொடவில்லை. காலையில் சரியாக இருந்த திருகு இப்போதும் சரியாகத்தான் இருக்கும். இன்ஜினைப் பிரித்தபோது எது மாறியதோ அதில்தான் குற்றம். இரண்டு கைகளையும் துணியின் மேல் வைத்து, இடமிருந்து வலமாக, தான் செய்ததை மனத்துக்குள் ஒவ்வொன்றாகத் திரும்பச் செய்தாள்.

இங்கே அந்தக் கேஸ்கட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் பெரிய வழி ஒன்றும், ஓரத்தில் கடுகு அளவு துளை ஒன்றும் இருக்கும். இன்ஜினின் உள்மூச்சு அந்தச் சின்னத் துளை வழியாகத்தான் கார்பரேட்டருக்குப் போகும். அந்த மூச்சின் துடிப்பில்தான் தொட்டியிலிருந்து பெட்ரோல் ஏறும். கேஸ்கட்டைப் புரட்டி வைத்தாலும் அச்சாகப் பொருந்தும். துளை மட்டும் மூடிக்கொள்ளும். மிச்சமிருக்கும் சொட்டில் மூன்று நொடி ஓடிவிட்டு இன்ஜின் நிற்கும். எத்தனையோ பேர் இதில் விழுந்து, கார்பரேட்டரையே மாற்றியிருக்கிறார்கள். அவர்களையெல்லாம் அவள் கேலி செய்திருக்கிறாள். தான் விழாமலிருக்க அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. சட்டைக் காலரில் எப்போதும் ஒரு குண்டூசி. கேஸ்கட்டை வைத்ததும் அந்தத் துளையில் ஊசியைக் குத்திப் பார்ப்பாள். தடங்கல் இல்லாமல் உள்ளே போனால்தான் அடுத்த வேலை.

"அண்ணி, நீங்க குண்டூசி குத்தல..." என்றான் கொழுந்தன்.

அவன் வாயைத் திறந்தபோதே அவள் கை காலருக்குப் போய்விட்டது. ஊசி வைத்த இடத்திலேயே இருந்தது.

"பேசக்கூடாதுன்னு சொன்னேன்ல?" என்று மருந்துக்கடைக்காரர் அதட்டினார்.

"புகாரை வேணா கிழிச்சுப் போடுங்க. கண்ணால பாத்துட்டு சும்மா நிக்க முடியாது" என்றான் அவன்.

"பதினாலு நிமிஷம்" என்றார் அவர், கடிகாரத்தைப் பார்த்து.

பதினாலு அவளுக்குத் தாராளம். கார்பரேட்டர் இறங்கியது, கட்டை இறங்கியது. கேஸ்கட் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. "இத்தனை பேரைப் பாத்து நான் சிரிச்சேன்ல, வட்டியோட வந்துடுச்சு" என்று சத்தமாகவே சொன்னாள். இருபது பேரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். புரட்டி வைத்து, ஊசியைக் குத்தினாள். தலை வரைக்கும் உள்ளே போனது. பூட்டினாள். இழுத்தாள். இன்ஜின் எழுந்து, தொண்டையைச் செருமி, ஒரே சீராக நின்று பாடியது. ஐந்து நிமிஷம் பாக்கி.

"முதல் ரெண்டு ரவுண்டு பஸ் ஓட்டற மாதிரி ஓட்டுங்க. இப்பத்தான் பிரிச்சுப் பூட்டினது, சூடு ஏறட்டும்" என்று கணவரிடம் சொன்னாள்.

"பிள்ளைங்க இருக்கற மாதிரியா, இல்லாத மாதிரியா?"

"இருக்கற மாதிரி."

அப்படியே ஓட்டினார். மற்ற பதினொரு வண்டிகளும் முந்திப் போயின. திடலில் விசில் பறந்தது. மூன்றாவது சுற்றில் பிள்ளைகளை இறக்கிவிட்டார். அரை மணிப் பந்தயத்தில் நேர்ப்பாதையில் ஒவ்வொரு வண்டியாகத் தின்றுகொண்டே வந்து, கடைசிச் சுற்றில் கொழுந்தனின் அணியையும் தாண்டி, இரண்டாவதாக வந்தார். முதல் வண்டி அரைச் சுற்று முன்னால் இருந்தது.

கோட்டைத் தாண்டியதும் அவள் சொல்லி வைத்தபடி முழு வேகத்திலேயே இன்ஜினை அணைத்தார். அவள் ஓடிப்போய்ப் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தாள். பிஸ்கட் நிறம். கருப்பும் இல்லை, வெளுப்பும் இல்லை. பெட்ரோலும் காற்றும் சரியான அளவில் எரிந்திருக்கின்றன. கோப்பையை யார் தூக்குகிறார்கள் என்று அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அளவுமேஜைக்கான முடிவுக்கு எல்லாரும் கூடினார்கள். மருந்துக்கடைக்காரர் எழுந்து, "வேற யாருக்காவது ஏதாவது கேக்கணுமா?" என்றார். கூட்டத்தில் ஒரு நெளிவு. அளந்தது அளந்ததுதான், ஆனாலும் வேகத்துக்குக் காரணம் தெரியவில்லையே என்ற நெளிவு.

கொழுந்தன் முன்னால் வந்தான். கையில் அவனுடைய புது அணியின் வண்டி. அதை மேஜை மேல் வைத்தான்.

"நான் கேக்கல, சொல்றேன். அவங்க வண்டியில நான் இருந்த வரைக்கும் வேகம் உள்ளேயே இருந்துச்சு, வெளிய வரல. ஏன்னா தகடு முழுசா திறக்காத மாதிரி கம்பியை வச்சது நான். பதினோரு வருஷம். அண்ணிக்குத் தெரியும். காலையில நான் கேட்டப்பகூடச் சொல்லல."

"இப்ப எதுக்கு இதெல்லாம்?" என்றாள் அவள். "பேசாம இரு."

"இன்னும் முடியல, அண்ணி. இந்த வண்டிக்கும் கம்பி நான்தான் வச்சேன்." வடிகட்டியை அவனே கழற்றினான். "யார்கிட்டயும் கேக்கறதுக்கு முன்னாடி அளவுமேஜைக்காரங்ககிட்ட கேக்கறேன். பாத்துச் சொல்லுங்க."

அவனுடைய அணிக்காரர்கள் ஆறு பேரும் கழுத்தை நீட்டினார்கள். கை தூக்கும் சடங்கு இன்னும் நடக்கவில்லை என்று யாரும் நினைவுபடுத்தவில்லை. மருந்துக்கடைக்காரர் நாற்காலியை விட்டு எழுந்து, ஓரமாக நின்று, உட்காரும்படி அவளுக்குச் சைகை காட்டினார்.

அவள் உட்கார்ந்தாள். டார்ச்சை வாங்கினாள். "விசையை முழுசா அழுத்து" என்றாள்.

"அழுத்தியாச்சு, அண்ணி."

அவள் உள்ளே பார்த்தாள். அவசரப்படவில்லை. தலையைச் சாய்த்து இன்னொரு பக்கத்திலிருந்தும் பார்த்தாள்.

"எவ்வளவு பாக்கி?" என்றான் அவன்.

அவள் நிமிர்ந்து, மருந்துக்கடைக்காரர் சொல்வது போலவே, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "அரைக்கால்."

திடல் அதிரச் சிரித்தது. "எழுதிக்கோங்க" என்றார் மருந்துக்கடைக்காரர். யாரும் டார்ச்சை வாங்கித் திரும்பப் பார்க்கவில்லை.